பாக்கஸ்: குளிரில் தேறிய வெள்ளை ஒயின்

இங்கிலாந்தின் வெள்ளை ஒயினை முதன்முதலாகச் சுவைக்க விரும்புவோருக்கு, கென்ட் பகுதியின் டென்டர்டனில் உள்ள சேப்பல் டவுன் நிறுவனம் பாக்கஸ் என்ற திராட்சை ரகத்தில் செய்யும் ஒயினை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். திருகு மூடியைத் திறந்து கோப்பையில் ஊற்றியதுமே மணம் எழுந்துவிடுகிறது. கோடைத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பறித்துச் சர்பத் செய்யும் எல்டர் பூவின் வாசனை முந்திக்கொண்டு வர, அதன் பின்னே கூஸ்பெரி என்ற புளிப்புப் பழமும், புதிதாக வெட்டிய புல்லும், செங்காய்க் கொய்யாவை நறுக்கும்போது கமழ்வது போன்ற ஒரு நெடியும் தொடர்கின்றன. இனிப்பு ஏறக்குறைய இல்லை. புளிப்பு கூர்மையாக இருந்தாலும் நாக்கை வருத்துவதில்லை. நியூசிலாந்தின் சாவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் பழகியவர்களுக்கு அதன் சாயல் தெரியும், ஆயினும் இது அதைவிடக் கனம் குறைந்தது, பூமணம் மிகுந்தது.

இத்திராட்சையின் பிறப்பிடம் ஜெர்மனி. சில்வானர், ரீஸ்லிங் ஆகிய திராட்சை ரகங்களின் கலப்பினத்தை முல்லர்-துர்காவ் என்ற மற்றொரு ரகத்துடன் சேர்த்து, 1933இல் கைல்வைலர்ஹோஃப் ஆய்வு நிலையத்தில் பீட்டர் மோரியோவும் பெர்ன்ஹார்ட் ஹுஸ்ஃபெல்ட்டும் இதை உருவாக்கினர். விரைவில் பழுத்துச் சர்க்கரை ஏறும் ரகம் என்பதால் அங்கே விரும்பிப் பயிரிட்டார்கள். ஆனால் சற்று வெப்பமான இடங்களில் புளிப்பு சட்டென்று வடிந்துவிடுவதால், பெரும்பகுதி மலிவான இனிப்பு ஒயின்களில் கலக்கப்பட்டுப் பெயரில்லாமல் போனது. இங்கிலாந்தின் நீண்ட, குளிர்ந்த பருவத்தில் பழம் மெல்லக் கனிவதால் மணம் திரளும்வரை புளிப்பும் நிலைத்திருக்கிறது. அங்கே குறையாக இருந்த அதே இயல்பு இங்கே சமன்பட்டுவிடுகிறது. இன்று பிரிட்டனில் சார்டொனே, பினோ நுவார், பினோ மொனியே ஆகிய ரகங்களுக்கு அடுத்து அதிகமாகப் பயிராவது இதுதான். அம்மூன்றும் பெரும்பாலும் நுரைக்கும் ஒயினுக்கே போவதால், நுரையில்லா வெள்ளை ஒயினில் பாக்கஸின் கையே ஓங்கியிருக்கிறது. நார்ஃபோக்கின் வின்பிர்ரி தோட்டத்து 2015 பாக்கஸ், 2017ஆம் ஆண்டு டிகான்டர் உலக ஒயின் போட்டியில் உயரிய பிளாட்டினம் விருதொன்றைப் பெற்ற பிறகே பலரும் இந்தப் பெயரைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

எல்லாப் புட்டிகளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. அறுவடை நாளில்தான் சூட்சுமம் இருக்கிறது: முந்திப் பறித்தால் பச்சை நெடி மட்டும் மிஞ்சும், பிந்தினால் மணம் மந்தமாகி ஒயின் சப்பென்று ஆகிவிடும், மழைக்காலமானால் குலைகளில் சாம்பல் நிறப் பூஞ்சையும் படரும். வேறொரு தோட்டத்தின் பாக்கஸில் காஞ்சொறி இலையைக் கசக்கியது போன்ற நெடி ஒன்றே நின்றது. விலையோ இதைவிட அதிகம். ஓக் பீப்பாயில் வைத்து எடுப்பவையும் உண்டு. மரத்தின் வெண்ணிலா வாசனை பூமணத்தை மூடிவிடுவதால், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் நொதித்தவற்றையே நான் தேர்ந்தெடுப்பேன்.

விலை பொதுவாக 15 முதல் 20 பவுண்டு வரை ஆகிறது. சிறிய தோட்டங்களும் குறைந்த விளைச்சலும் காரணம் என்றாலும், தினசரி மேசைக்கு இது அதிகம்தான். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, வேகவைத்த ஆஸ்பரகஸ், எலுமிச்சை பிழிந்த வறுத்த மீன் ஆகியவற்றோடு நன்றாகச் சேரும். 8 முதல் 10 டிகிரிவரை குளிர்வித்தால் போதும். அதற்கும் கீழே போனால் கொடுத்த காசுக்கான மணம் அடங்கிவிடும். புட்டியில் அச்சிட்ட அறுவடை ஆண்டிலிருந்து இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. தள்ளுபடி விலையில் பழைய ஆண்டுப் புட்டி கிடைத்தால் வாங்க வேண்டாம்.