ஞாயிற்றுக்கிழமை லேட் டிபன்: மெஸ்ஸா, கபேயா, பஃபேயா?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பிரன்ச் போகலாம் என்று கிளம்பினால் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கூட்டத்திலேயே லேட்டாக எழும் ஆள் எத்தனை மணிக்கு வந்து சேருவார்? பதில் தெரிந்துவிட்டால் பாதி கடைகள் தானாகவே கழன்றுகொள்ளும். ஏனென்றால் இந்த ஊரில் நல்ல டிபன் சீக்கிரம் தீர்ந்துவிடும், சாவகாசமாக உட்கார்ந்து பேச இடம் கொடுக்கும் கடைகளோ அதற்கு அப்புறம்தான் கதவையே திறக்கும். நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, காலை பத்தில் இருந்து பன்னிரண்டு வரை. பிரன்ச் என்று நாம் சொல்வது அந்த நேரத்தைத்தான், அங்கேதான் எங்கள் சண்டையெல்லாம் நடக்கிறது.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டால் தீர்ப்பு ஏன் இப்படி வந்தது என்று புரியும். மயிலாப்பூர்க்காரர் ஒருவர், வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடும் சைவம். முட்டையாவது இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை என்று நினைக்கும் தோழி ஒருத்தி. மூன்று வயதுக் குழந்தையோடு வரும் தம்பதி. அப்புறம் வேளச்சேரி நண்பன், "கிளம்பிட்டேன் மச்சி" என்று அவன் மெசேஜ் போட்டால் இப்போதுதான் பல் தேய்க்கிறான் என்று அர்த்தம்.

மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் இருந்து ஆரம்பிக்கலாம், எங்கள் மயிலாப்பூர்க்காரர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். கச்சேரி ரோட்டை ஒட்டிய அருண்டேல் தெருவில், சந்து மாதிரி ஒரு வழியில் உள்ளே போனால் சின்ன ஹால், நாலைந்து மேஜை, அவ்வளவுதான். வெளியே நின்று காத்திருக்க வேண்டும், மெனு கார்டு என்று ஒன்றைத் தேட வேண்டியதில்லை, இன்றைக்கு என்ன இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். பொங்கல், வடை, இட்லி, கூடவே அந்தப் பச்சை நிறக் கெட்டிச் சட்னி. எங்களில் பாதிப் பேர் அந்தச் சட்னிக்காகத்தான் போகிறோம். கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் காரமாக முன்னால் வரும், தண்ணீர் விட்டு நீட்டிய சட்னி இல்லை, இலையில் வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். வடை எண்ணெய்ச் சட்டியில் இருந்து நேராக வருகிறது, தொட்டால் சுடும். சுவையை மட்டும் வைத்து மார்க் போடச் சொன்னால் இந்தப் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம், விவாதமே வேண்டாம்.

ஆனால் இது பிரன்ச் இடமா என்றால் கிடையாது. பத்து மணி தாண்டிவிட்டால் பொங்கல் மிச்சம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், நீங்கள் கடைசி வாய் சாப்பிடும்போதே அடுத்தவர் உங்கள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனாலும் அந்தப் பார்வைக்கு நடுவில் யார் கல்யாணம் ஏன் நின்றது என்ற கதையைப் பேச முடியாது. ஆறு பேர் ஒரே நேரத்தில் ஒன்றாக உட்கார்வதும் அதிர்ஷ்டம்தான், பெரும்பாலும் மூன்று, இரண்டு, ஒன்று என்று பிரிந்துதான் இடம் கிடைக்கும். மெட்ரோ வேலைக்காக லஸ், கச்சேரி ரோடு பக்கமெல்லாம் தடுப்பு வைத்துப் பாதையைத் திருப்பிவிட்டதில் இருந்து காரில் வருவது இன்னொரு தலைவலி. எட்டு மணிக்கு எழுந்து வரும் இரண்டு பேருக்கு ராயர் மெஸ் சொர்க்கம். ஆறு பேருக்கு அது வெறும் திட்டம்.

திருவல்லிக்கேணி ரத்னா கபே இதற்கு நேர் எதிர். 1948ல் ஆரம்பித்தது, ஆரம்பித்த ஜகதீஷ் லால் குப்தா வடக்கே மதுராவில் இருந்து வந்தவர். ஆனால் சென்னையில் சாம்பார் இட்லி என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடைய கடைதான். இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து, அது மூழ்கும் அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவார்கள், பக்கெட்டும் கையுமாகச் சுற்றி வருபவர் தட்டில் இட்லியின் தலை தெரிந்தாலே மறுபடி ஊற்றிவிட்டுப் போய்விடுவார். இங்கே சாம்பார் தொட்டுக்கொள்ளும் விஷயம் கிடையாது, அதுதான் பதார்த்தம், இட்லி அதற்குத் துணை. கொஞ்சம் தித்திப்பு எட்டிப் பார்க்கும் சாம்பார், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த ஒருத்தர் எங்களோடு ஒரு முறை வந்துவிட்டு "பெருங்காயம் எங்கே?" என்று கேட்டார், அது ஒரு நியாயமான கேள்வி. எனக்கு என்னவோ ஸ்பூனால் இட்லியை உடைத்து, அது சாம்பாரை உறிஞ்சும் வரை ஒரு நிமிடம் விட்டு, அப்புறம் சாப்பிடும் அந்த முறையே பிடித்துப்போய்விட்டது. அவசரப்பட்டால் வெளியே சாம்பார், உள்ளே வெறும் இட்லி என்று தனித்தனியாக இருக்கும்.

இதன் பெரிய பலம் சுவைகூட இல்லை, நேரம். பதினொன்றரைக்குப் போனாலும் சாம்பார் இட்லி உண்டு. வேளச்சேரி நண்பன் இந்த ஒரு கடையில்தான் மற்றவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டிருக்கிறான். பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோவோ கொஞ்சம் நடையோ போதும், காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பசி இருமடங்காகும். சாப்பிட்டு முடித்து பைகிராப்ட்ஸ் ரோடு பக்கம் பழைய புத்தகக் கடைகளை மேய்ந்துவிட்டு வரலாம் என்பது உபரி லாபம். குறை என்றால் சத்தம். பாத்திரம், டோக்கன், ஆர்டர் சொல்லும் குரல் என்று எல்லாம் சேர்ந்து, குழந்தை அழுதால்கூட யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது வசதிதான். தலைக்கு 200, 250 ரூபாய்க்குள் காபி உட்பட முடிந்துவிடும்.

சைதாப்பேட்டை வடகறி இந்த ஒப்பீட்டுக்குள் வந்தது மெட்ரோவின் புண்ணியத்தில். மாரி ஓட்டல் பெயரை வடகறிப் பிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடலைப்பருப்பை ஊறவைத்து, கொரகொரப்பாக அரைத்து, வடையாக்கி உதிர்த்து, சோம்பும் பட்டையும் மணக்கும் மசாலாவில் போட்டுக் கொதிக்கவிட்டால் வடகறி. நல்ல வடகறியில் பருப்புத் துண்டுகள் குழம்பைக் குடித்திருக்க வேண்டும், ஆனால் கரைந்து கூழாகி இருக்கக் கூடாது. செட் தோசையின் பஞ்சு அதைப் பிடித்துக்கொள்ளும், இட்லியோடு என்றால் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. சைவ நண்பருக்கு மசாலா வாசனை காலையில் கொஞ்சம் தூக்கல், முட்டைத் தோழிக்கோ இது மட்டும்தான் சைவத்தில் கறி சாப்பிட்ட திருப்தி தருகிறதாம். உட்கார்ந்து பேச இங்கேயும் வழி இல்லை, சாப்பிட்டோமா போனோமா என்ற வகை. பார்சல் வாங்கி யார் வீட்டு மொட்டை மாடியிலாவது வைத்துச் சாப்பிட்டால் மற்ற எந்தக் கடையை விடவும் இது தாங்கும், ஏனென்றால் வடகறி ஆறினாலும் கெட்டுப்போவதில்லை. பொங்கலைப் பார்சல் வாங்கிப் பாருங்கள், அரை மணியில் வில்லை போடலாம்.

அசைவத்துக்கு ஞாயிறு காலை என்றால் பாயாதான். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, பெரியமேடு பக்கங்களில் ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமோ ஆப்பமோ கிடைக்கும். இரவெல்லாம் கொதித்த சாறு, விரல் ஒட்டினால் சரியான பதம். எங்கள் கூட்டம் கலந்த கூட்டம் என்பதால் அங்கே எல்லோருமாகப் போக முடியவில்லை, அதனால் அதற்கு மார்க் போடாமல் விடுகிறேன்.

இப்போது கபேக்கள். ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், பெசன்ட் நகர் என்று தெருவுக்கு ஒன்று முளைத்துவிட்டது. உட்கார வேண்டும், மரம் வேண்டும், யாரும் எழுப்பக் கூடாது என்றால் இவற்றை அடிக்க ஆள் இல்லை. ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் இருக்கும் அமெதிஸ்ட் மாதிரி தோட்டமும் வராண்டாவுமாக இருக்கும் இடத்தில் ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டலாம், ஊருக்கு நடுவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். வேளச்சேரி நண்பன் வரும் நேரமும் இவர்கள் மும்முரமாகும் நேரமும் ஒன்றுதான்.

சாப்பாடு என்று வரும்போதுதான் இடிக்கிறது. எக்ஸ் பெனடிக்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பன் மேல் ஓடில்லாமல் தண்ணீரில் வேகவைத்த முட்டை, பிரன்ச் மெனுவின் ராஜா அது. அதன் மேல் ஊற்றும் ஹாலண்டேஸ் சாஸ் முட்டை மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் எலுமிச்சையோடு இளஞ்சூட்டில் அடித்துச் சேர்ப்பது. சூடு கூடினால் திரிந்துவிடும், ஆறவிட்டால் இறுகிவிடும், செய்த சூட்டோடு மேஜைக்கு வர வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கபேயில் எங்களுக்கு வந்த தட்டில் சாஸ் மேல் ஆடை கட்டியிருந்தது, முட்டையை வெட்டினால் வழிய வேண்டிய மஞ்சள் கரு கட்டியாக உட்கார்ந்திருந்தது, அடியில் பன் ஜில்லென்று. அதற்கு 450 ரூபாய். தோழி ஒன்றும் பேசவில்லை, அடுத்து ஆம்லெட் ஆர்டர் செய்தாள், அது நன்றாகவே இருந்தது. அதனால் என் சிபாரிசு இதுதான்: முதல் முறை போகும் கபேயில் ஆம்லெட், கேக், காபி என்று நின்றுகொள்ளுங்கள். அவகாடோ டோஸ்ட்டைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இன்னொன்று, பில். சர்வீஸ் சார்ஜ் என்று பத்து சதவீதம் தானாகச் சேர்ந்து வந்தால் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லேயே இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதிமுறை போட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், மேனேஜர் முகம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். பரிமாறியவருக்குக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நட்சத்திர ஓட்டல் ஞாயிறு பஃபேயை ஒரு பிறந்தநாள் சாக்கில் முயன்று பார்த்தோம். பெரும்பாலான இடங்களில் அது பன்னிரண்டரைக்கு மேல்தான் ஆரம்பம், அதாவது பெயர்தான் பிரன்ச், விஷயம் மதிய விருந்து. காலையில் பட்டினி கிடந்து போகிறவர்கள் முதல் தட்டிலேயே பிரெட்டையும் பாஸ்தாவையும் நிரப்பிவிட்டு, கடல் உணவு கவுண்டர் வரும்போது மூச்சு வாங்குகிறார்கள், நாங்கள் உட்பட. ஒருவருக்கு இரண்டாயிரத்து சொச்சம், மூவாயிரம் என்று போர்டில் போட்டிருப்பதன் மேல் வரி தனி. அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் ஜிஎஸ்டி 18 சதவீதம், தெருவில் இருக்கும் சாதாரண உணவகத்தில் 5. மூவாயிரம் என்று நினைத்துப் போனால் 3,540 ரூபாய் கொடுத்துவிட்டு வருவீர்கள். குழந்தை உள்ளவர்களுக்கு ஏசியும் இடமும் ஐஸ்கிரீமும் கிடைக்கும், அந்தத் தம்பதிதான் எங்களில் அதிகம் ரசித்தவர்கள். மற்றவர்களுக்கு, இத்தனை பதார்த்தத்தில் ஒன்றுகூட வீட்டுக்கு வந்தபின் ஞாபகத்தில் இல்லை.

சரி, எதைத்தான் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் எட்டரைக்குள் வருவார்கள் என்றால், ஆளும் நாலுக்கு மேல் இல்லை என்றால், ராயர் மெஸ். பத்து மணியைத் தாண்டினால் ரத்னா கபே, யோசிக்கவே வேண்டாம். பேச்சுதான் முக்கியம், சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றால் கபே. பஃபே, யாராவது ஸ்பான்சர் செய்தால்.

ஆனால் நாங்கள் இப்போது செய்வது இந்த நாலும் இல்லை. டிபனை ஒரு இடத்திலும் பேச்சை இன்னொரு இடத்திலும் வைத்துக்கொள்கிறோம். திருவல்லிக்கேணியில் பத்தே காலுக்குச் சாம்பார் இட்லி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து ராயப்பேட்டையில் ஏதாவது ஒரு தோட்டத்துக் கபேயில் காபி மட்டும். வயிறு நிறைந்த பின் மெனு கார்டைப் பார்த்தால் எதுவும் ஆசை காட்டாது, பில்லும் சின்னதாக வரும். இரண்டும் சேர்த்தே 500 ரூபாயைச் சுற்றித்தான் நிற்கிறது, எக்ஸ் பெனடிக்ட்டுக்கு வரியும் சேர்த்துக் கொடுத்ததற்குப் பக்கத்தில். டிகிரி காபிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மயிலாப்பூர்க்காரர் டபரா டம்ளரைத் திருவல்லிக்கேணியிலேயே முடித்துக்கொண்டு, கபேயில் எலுமிச்சை ஜூஸோடு உட்கார்கிறார்.

டிசம்பர் பாதியில் இருந்து மட்டும் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். கச்சேரி சீசனில் சபா கேன்டீன்கள் திறந்துவிடுகின்றன, நல்ல டிபன், காத்திருந்தாலும் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லாத கூட்டம், பெரும்பாலான இடங்களில் கச்சேரி டிக்கெட் இல்லாமலேயே கேன்டீனுக்குள் போகலாம். எந்த சபாவில் இந்த வருஷம் யார் சமையல் என்று மயிலாப்பூர்க்காரர் நவம்பரிலேயே விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். தோழி மட்டும் அந்த மூன்று வாரமும் வீட்டில் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, காபிக்கு வந்து சேர்ந்துகொள்கிறாள்.