பதிவுசெய்த வீடியோவை லைவாக விட எது தோது: பிரீமியரா, ஓபிஎஸ்ஸா, சேர்வரா?

தேர்த் திருவிழா வீடியோ எடிட் முடிந்து கையில் இருக்கிறது. ஞாயிறு இரவு தோட்டத்து ஆட்களும், கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும், டுபாய், கட்டாரில் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பார்ப்பவருக்கு எந்த வழியில் விட்டாலும் ஒன்றுதான். விடுபவர் கேட்க வேண்டியது இதுதான்: ஒளிபரப்பு ஓடும் நேரத்தில் ஃபைல் எங்கே இருக்கிறது? மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மாலையானால் அப்லோட் வேகம் விழுந்துவிடும். அதனால் ஃபைல் லெப்டொப்பிலேயே இருக்கும் வழியை நாங்கள் கடைசியாகத்தான் வைப்போம்.

யூடியூப் பிரீமியர்

ஏற்றி வைத்த வீடியோவைக் குறித்த நேரத்தில் எல்லாருக்கும் ஒன்றாகக் காட்டும் யூடியூப் வசதி இது. ஒருமுறை மட்டும் காட்டும் நிகழ்ச்சிக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. வீடியோவை முதல் நாள் இரவே ஏற்றி, விசிபிலிட்டியில் ஷெட்யூல் நேரம் கொடுத்து, பிரீமியர் பெட்டியில் டிக் போட்டால் போதும். அதன்பின் தோட்டத்தில் கரண்ட் போனாலும் ஒளிபரப்பு நிற்காது. லைவ் சாட் உண்டு. பார்ப்பவர் பின்னால் போகலாம், முன்னால் தாவ முடியாது.

ஏற்றும்போது லைன் ஆடினால் நேரம்தான் கூடும், படம் கெடாது. 2 மணி நேர வீடியோ சுமார் 2.4 ஜிபி, 2 எம்பிபிஎஸ் அப்லோடில் மூன்று மணி நேரம் வரை எடுக்கும். யூடியூப் முதலில் குறைந்த தரத்தைத்தான் தயாரிக்கும், எச்டி பிறகே வரும். ஆகவே கடைசி நேரத்தில் ஏற்ற வேண்டாம். ஃபோன் நம்பர் உறுதிசெய்யாத சேனலில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது.

பக்திப் பாடல் கலந்த வீடியோ என்றால் இன்னொரு பெரிய நன்மை: காப்புரிமைப் பிரச்சினை ஏற்றியதுமே தெரியும், திருத்த நேரம் இருக்கும். லைவில் அது நடுவில் வரும். படம் மறைக்கப்படலாம், ஒளிபரப்பே துண்டிக்கப்படலாம்.

ஓபிஎஸ்

லெப்டொப்பிலிருந்தே லைவ் விடும் இலவச மென்பொருள் இது. இடையில் தலைவர் நேரில் பேச வேண்டும், பரிசு அறிவிக்க வேண்டும் என்றால் மட்டும் இது. வீடியோவை மீடியா சோர்ஸாகச் சேர்த்து, லூப் டிக்கை எடுத்துவிடுங்கள். மைக்கை மியூட் செய்யாவிட்டால் அறைச் சத்தம் முழுவதும் வெளியே போகும். 720பி, 30 ஃப்ரேம், 2,500 கேபிபிஎஸ், கீஃப்ரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃப்ரேம்) 2 செக்கனுக்கு ஒன்று, ஓடியோ 128 கேபிபிஎஸ். இது ஓட அப்லோட் 4 எம்பிபிஎஸ்ஸாவது நிலையாக வேண்டும். காலையில் சோதித்துப் பயனில்லை, ஒளிபரப்பும் அதே இரவு நேரத்தில் சோதியுங்கள்.

படம் வெட்டினால் ஸ்டாட்ஸ் பலகையைப் பாருங்கள். நெட்வேர்க்கால் விழுந்த ஃப்ரேம் ஏறினால் குறை லைனில்: 480பி, 1,200 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்குங்கள். என்கோடிங் (அனுப்ப ஏற்றபடி வீடியோவைச் சுருக்கும் வேலை) தாமதம் ஏறினால் குறை லெப்டொப்பில்: லைனை மாற்றிப் பயனில்லை, அந்த வேலைக்கான பிரீசெட்டை இலகுவாக்குங்கள். ரவுட்டரை டவர் தெரியும் ஜன்னலில் வைத்து, சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் கொடுங்கள். லெப்டொப் ஸ்லீப் போகாமல் செட் செய்யுங்கள். புது சேனலில் லைவ் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அதை முன்பே செய்து வையுங்கள்.

வாடகை சேர்வரில் எஃப்எஃப்எம்பெக்

எஃப்எஃப்எம்பெக் என்பது கட்டளை எழுதி வீடியோவை மாற்றவும் அனுப்பவும் உதவும் இலவச மென்பொருள். அதை இணையத்தில் வாடகைக்கு எடுத்த கணினியில் ஓட்டுவதுதான் இந்த வழி. நாள் முழுக்கப் பக்திப் பாடல், மீட்டல் வகுப்பு ஓட்டுபவர்களுக்கு இதுதான் சரி. வீட்டிலேயே ஒருமுறை என்கோட் செய்து, 30 ஃப்ரேம் வீடியோவுக்கு 60 ஃப்ரேமுக்கு ஒரு கீஃப்ரேம் வைத்து ஏற்றிவிட்டால், சேர்வர் மீண்டும் என்கோட் செய்யாமல் கொப்பி முறையில் அப்படியே தள்ளும். 1 ஜிபி ரேம் தாராளம். கட்டளையில் 'ஆர்ஈ' (-re) சுவிட்சைச் சேர்க்காவிட்டால் ஃபைல் ஓடும் வேகத்தில் போகாமல் முடிந்த வேகத்தில் கொட்டும், யூடியூப்பில் படம் குழம்பும். டிமக்ஸ் (நீங்கள் வெளியேறினாலும் கட்டளையை ஓடவிடும் மென்பொருள்) உள்ளே ஓட்டாவிட்டால் நீங்கள் லொக் அவுட் ஆனதும் நின்றுபோகலாம். இணைப்பு அறுந்தால் எஃப்எஃப்எம்பெக் தானாகத் திரும்ப ஆரம்பிக்காது, கட்டளையை ஒரு லூப் ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள். மணிக்கு 1.2 ஜிபி என்றால் மாதம் 850 ஜிபிக்கு மேல். சேர்வர் பிளானில் 1 டெராபைட் டேட்டா இருக்கிறதா பாருங்கள். 12 மணி நேரத்தைத் தாண்டும் லைவை யூடியூப் பதிவாகச் சேமிக்காது.

கட்டளை எழுதப் பயமென்றால் ரீஸ்ட்ரீம் போன்ற சேவைகள் இதையே செய்யும். மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வழியானாலும் ஃபோனில் எடுத்த வீடியோவை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 30 ஃப்ரேமுக்கு மாற்றுங்கள். ஃபோன் ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதால்தான் அரை மணி நேரத்தில் மேளமும் படமும் விலகுகின்றன.

தலைப்பிலேயே 'பதிவுசெய்யப்பட்டது' என்று போடுங்கள். தூரத்தில் இருந்து பார்ப்பவர்களை ஏமாற்றக் கூடாது. ஃபேஸ்புக்கிலும் விடுகிறீர்கள் என்றால் ஃபைலை வைத்துக்கொள்ளுங்கள்: 2025 பெப்ரவரி முதல் அங்கே லைவ் வீடியோக்கள் 30 நாள்தான் இருக்கும்.

நேரம் இரவு 8.30 நல்லது. அப்போது டுபாயில் 7 மணி, கட்டாரில் 6 மணி.