சான் டியாகோவில் உயிர் நெத்திலி விற்கும் மிதவைக் கடை

சான் டியாகோ விரிகுடாவில், கடலுக்குப் புறப்படும் தூண்டில்காரர்கள் படகை அணைத்து நிறுத்தி உயிருள்ள இரைமீன் வாங்கும் மிதவைக் கடை ஒன்றுக்கு இந்தக் கோடையில் மூன்று முறை சென்றேன். அங்கு விற்கப்படுவது பிரிட்டிஷ் கொலம்பியா முதல் பாஹா கலிபோர்னியா வரையுள்ள பசிபிக் கரையோரத்தில் வாழும் நெத்திலி. நம்மவர் வறுத்துத் தின்னும் நெத்திலிக்கு உறவுதான் என்றாலும், இங்கே அது கெல்ப் பாஸ், பாரகுடா போன்ற பெரிய மீன்களை இழுப்பதற்கான இரை.

சுருக்குவலையில் பிடித்த மீன்களை உடனே விற்காமல், கடல்நீர் புகுந்து வெளியேறும் தொட்டிகளில் சில நாள் விட்டு வைப்பார்கள். வலையில் உராய்ந்து செதில் உதிர்ந்தவை அதற்குள் செத்துவிட, எஞ்சியவையே தூண்டிலில் துடிப்பாக நீந்தும். முதல் இரு முறையும் அத்தகைய மீன்களே கிடைத்தன: முதுகு பச்சையாக மின்ன, என் படகின் வட்டத் தொட்டியில் ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தன. செவுளுக்குப் பின்னுள்ள கெட்டியான பட்டையில் சிறிய தூண்டில் முள்ளைக் குத்தியதும் நேரே ஆழத்துக்குப் பாய்ந்தன.

மூன்றாம் முறை ஏமாற்றம். மூக்கு சிவந்த மீன்களைக் கைவலையில் அள்ளிப் போட்டார்கள். விரிகுடாவைத் தாண்டுமுன்பே தொட்டி முழுதும் செதில் மிதந்தது, பாதி செத்துப்போயிற்று. எத்தனை நாள் தொட்டியில் இருந்த மீன் என்று கேட்டதற்குத் தெளிவான பதிலும் இல்லை. விலை அள்ளலுக்கே தவிர எடைக்கு இல்லை என்பதால், பணம் கொடுக்குமுன் மீனைப் பார்த்துவிடுங்கள்.