890 ரூபாய் லினோ செட்: கத்தி மொட்டை, பலகை அருமை

நோட்டுப் புத்தகம் தைத்து விற்பது என் பிழைப்பு. புதுச்சேரிக் கைக்காகிதத்தை மடித்து, மெழுகு நூலால் தைத்து, லினோலியம் (சுருக்கமாக லினோ) பலகையில் படம் செதுக்கி, மை பூசி, அட்டையில் அச்சு பதிப்பேன். எட்டு வருடத்தில் கை நன்றாகப் பழகிவிட்டது, அதுதான் வினை. மாங்காய் கேட்டால் மாங்காய், யானை கேட்டால் யானை. கத்தி தானாகப் போகும், என் நினைப்பு வேறெங்கோ இருக்கும்.

அக்கா மகள் கோடை விடுமுறைக்கு வந்தபோது அவளுக்காகத்தான் இந்தத் தொடக்கநிலை செட்டை வாங்கினேன். ஒரு கைப்பிடி, மாற்றி மாட்ட ஐந்து முனைகள், சின்ன ரோலர், கறுப்பு மை ஒரு டியூப், உள்ளங்கை அளவில் இரண்டு ரப்பர் பலகைகள்.

குறைகளை முதலில் கொட்டிவிடுகிறேன். கைப்பிடித் திருகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளர்கிறது. மெல்லிய முனை பிரித்த அன்றே மொட்டை. மை சென்னை மே மாதத்துக்கு ஆகாது. மின்விசிறிக்கு அடியில் ஐந்தே நிமிடத்தில் ரோலரிலேயே காய்ந்தது. புதுப் பலகையில் அது படியாமல் முத்து முத்தாக நின்றது. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே வழிக்கு வந்தது.

ஆனால் அந்தப் பலகை! நான் செதுக்குவது அசல் லினோலியம். 1860களில் ஃபிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தரைவிரிப்புக்காக உருவாக்கிய சரக்கு. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்ந்தது. வெயிலிலோ இஸ்திரிப் பெட்டியிலோ சூடு காட்டினால்தான் இளகும். விலையும் அதிகம். ஆகவே வரைந்து, கண்ணாடியில் சரிபார்த்து, மூச்சடக்கிச் செதுக்குவேன். இந்த ரப்பரிலோ வெள்ளரிக்காய் சீவுவதுபோல் முனை ஓடுகிறது. கெட்டால் கெடட்டும் என்று தோன்றுகிறது. சிறுவயதில் வெண்டைக்காயை நறுக்கி மசியில் தோய்த்து, கண்ட இடத்தில் குத்தி அடி வாங்கியபோது இருந்த அதே துணிச்சல்.

அவள் எதையும் யோசிக்காமல் 'பட்டம்' என்று நேராகவே செதுக்கினாள். அச்சில் எல்லாம் இடம் வலம் மாறி விழுந்தது. "சித்தி, ப மட்டும் ஏமாறவில்லை பாருங்கள்" என்றாள். உண்மைதான். எட்டு வருடமாக எழுத்தைத் திருப்பிச் செதுக்குகிறவளுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. பிறகு 'ட'வை மட்டும் கத்தரித்து எடுத்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சாய்வாகக் குத்தினாள். படிக்கட்டு! விரல் நுனியை மையில் தொட்டு, மூன்று புள்ளிக்கு ஓர் எறும்பு என்று படியேற விட்டாள்.

எனக்கும் ஆசை வந்தது. பிக்காசோ லினோவில் செய்ததுபோல ஒரே பலகையை மேலும் மேலும் செதுக்கி, நிறத்தின் மேல் நிறம் பதித்துப் பார்த்தேன். செதுக்கிய பிறகு முதல் நிறத்துக்குத் திரும்ப வழியே கிடையாது. என் கறுப்பு சிவப்பிலிருந்து அரை அங்குலம் விலகி விழுந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

பலகை தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள். மயிரிழைக் கோடுகள் இதில் நிற்காது, பிய்ந்துவிடும். குழந்தைக்குக் கொடுத்தால் பலகையைப் பிடிக்கும் கை முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

அந்தப் படிக்கட்டு அட்டையைப் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் இருபது பிரதி கேட்டார். ஒப்புக்கொண்டேன். ஏழாவதிலேயே சலித்துவிட்டது. எட்டாவதிலிருந்து எறும்புகள் இறங்குகின்றன. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.