ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொன்ன ட்ரெயினர்

349 ரூபாய் கொடுத்து ஒரு ட்ரெயினர், அதாவது கேமில் ஏமாற்றி ஆட உதவும் குட்டி புரோகிராம், வாங்கினேன். அதோடு என் மெயில் கணக்கும் போய்விட்டது. பழைய கேம்களை நோண்டுகிறவர்கள் படித்துவிடுங்கள்.

கேம், 2005-ல் கணினிக்கு வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். அதில்தான் சீட் கோடு (தட்டினால் ஆயுதம், பணம் என்று சலுகை தரும் ரகசியச் சொற்கள்) கொட்டிக் கிடக்கிறதே என்பீர்கள். கேமில் சீரோ என்ற பாத்திரம் தரும் பொம்மை விமான மிஷனுக்கு எந்தக் கோடும் உதவாது. பெட்ரோல் தீர்ந்தால் கதை முடிந்தது. ‘பெட்ரோலை நிறுத்தி வைக்கும் ட்ரெயினர் இருக்கு ப்ரோ’ என்று டெலிகிராமில் ஒருவர் சொன்னதும் பணத்தைப் போட்டுவிட்டேன்.

வந்தது ஒரு ஜிப். பாஸ்வேர்ட் 1234. ‘ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு, அட்மினா ரன் பண்ணுங்க. அது கத்தும், ஃபால்ஸ் பாசிடிவ்தான்’ என்றார். அதாவது வெறும் தவறான எச்சரிக்கையாம்.

நான் விழுந்தது இந்த இடத்தில்தான், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. ட்ரெயினர் என்பது இன்னொரு புரோகிராமின் மெமரியைத் திறந்து அதில் எழுதுகிற புரோகிராம். விண்டோஸே அதற்கு வழி வைத்திருக்கிறது: ஓப்பன்புராசஸ் என்று கூப்பிட்டால் அனுமதி, ரைட்புராசஸ்மெமரி என்று கூப்பிட்டால் எழுத்து. பெட்ரோலைக் குறைக்கும் கட்டளை இருக்கும் இடத்தில் 90, 90 என்று நிரப்பினால் பிராசசர் ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போய்விடும். வைரஸ்களும் இதே கதவைத்தான் தட்டுகின்றன. அதனால் நல்ல ட்ரெயினரைப் பார்த்தும் ஆன்ட்டிவைரஸ் குரைக்கும். திருடனுக்கு இதைவிட வசதியான சாக்கு ஏது?

மீதிப் பாதி பொய். கேமை நாம் சாதாரணமாக ஓட்டினால், அதே யூசராக ஓடும் ட்ரெயினருக்கு அட்மின் உரிமை தேவையே இல்லை. கேமையே அட்மினாக ஓட்டினால்தான் அதற்கும் வேண்டும். ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டதும் எனக்கான பாதுகாப்பு இல்லை, ஸ்கேனர் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான்.

இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். 9 எம்பி ஜிப், பிரித்தால் 700 எம்பிக்கு மேல். அப்புறம் வேறு கணினியில், ஓட்டாமல், ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தேன்: பக்கம் பக்கமாக வெறும் பூஜ்யம். ஆன்லைன் ஸ்கேனர்கள் இவ்வளவு பெரிய ஃபைலை வாங்காது என்பதற்காக ஊதிய பலூன்.

ஓட்டியபோது எஃப்1, எஃப்2 என்று அழகான ஜன்னல் வந்தது. அழுத்தினேன், கேம் பொத்தென்று மூடிக்கொண்டது. ‘உங்க வெர்ஷன் வேற ப்ரோ’ என்றார். நம்பும்படியான பதில்தான், கேமின் 1.0-க்கு எழுதிய மெமரி முகவரிகள் 2.0-வில் பொருந்தாது என்பது இந்தப் பக்கம் நடமாடும் எல்லோருக்கும் தெரியும். சரி, வேறு வெர்ஷன் தேடலாம் என்று தூங்கப் போனேன்.

காலையில் மெயில் திறக்கவில்லை. இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தேன், ஆனால் ஓடிபி எதுவும் வரவில்லை. ஏற்கெனவே லாகின் ஆகியிருந்த பிரவுசரின் குக்கீயையே (‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்’ என்று தளத்துக்குக் காட்டும் சீட்டு) எடுத்துக்கொண்டு போனவனுக்கு ஓடிபி எதற்கு?

இப்படி மாட்டினால் அந்தக் கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், புதியதும் போய்ச் சேரும். நான் தம்பியின் போனில் கணக்கை மீட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, விண்டோஸைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் புகார் சொன்னேன்.

பிறகு அதே வேலையை, கேமின் மெமரியில் தேடி மாற்ற உதவும் சீட் எஞ்சின் என்ற இலவச மென்பொருளில் நானே செய்தேன். பெட்ரோல் வெறும் பட்டைதான், எண் தெரியாது. அதனால் ‘மதிப்பு தெரியாது’ என்று முதல் தேடல். கொஞ்சம் பறந்துவிட்டு ‘குறைந்தது’ என்று வடிகட்டல். மறுபடி பறந்து மறுபடி வடிகட்டல். லட்சக்கணக்கில் வந்த முகவரிகள் கடைசியில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின. ஒன்றைப் பூட்டினேன், பட்டை அசையவில்லை. 20 நிமிட வேலை, செலவு இல்லை.

அந்த நபர் என்னை பிளாக் செய்துவிட்டார். நண்பனின் போனில் பார்த்தேன்: புதுப் பெயர், புதுப் படம், அதே 9 எம்பி ஜிப், பாஸ்வேர்ட் 1234. விலை மட்டும் 299 ஆகியிருக்கிறது.