சேதுகாவலர் சீமையிலிருந்து ஒரு நரகவாசல் கோட்டை: சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர்

சேதுபதி என்றால் சேதுவுக்கு அதிபதி. 'சேது காவலர்' என்றும் சொல்வார்கள். இராமேசுவரம் போகிறவர்கள் வழிப்பறி பயமில்லாமல் கடல் தாண்ட வேண்டும், போகிற பாதையில் சத்திரமும் தண்ணீரும் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதே அந்தப் பட்டத்தின் வேலை. அதனால், ஆபத்தான ஒரு வாசலின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கோட்டையின் கதையை ராம்நாடு பக்கத்து ஆட்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கோட்டைக்குள் எத்தனை பீரங்கி என்று கேட்பதற்கு முன்னால் அது எந்த வழியைப் பிடித்திருக்கிறது, குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் இங்கே கேட்பார்கள்.

இந்த இரண்டு கேள்வியையும் மதித்த கணினி விளையாட்டு, பீம்டாக் நிறுவனம் 2016 மார்ச் 31 அன்று வெளியிட்ட 'சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர்'. இது தனி விளையாட்டு இல்லை. 'பால்டர்ஸ் கேட்: என்ஹான்ஸ்டு எடிஷன்' வைத்திருப்பவர்களுக்கான விரிவாக்கம். முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவே விடுபட்டிருந்த கதையை நிரப்புகிறது. முடிக்க ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். முக்கால் பங்கு நல்ல கோட்டைக் கதை, கடைசிக் கால் பங்கு அவசரக் கோலம் என்பது எங்கள் மதிப்பீடு. கதை முடிச்சுகள் சில கீழே அவிழும். அது பிடிக்காதவர்கள் விளையாடி முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் கோட்டையின் வரலாறு. பால்டர்ஸ் கேட், வாட்டர்டீப் என்ற இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே வடக்கு தெற்காக ஓடும் வணிகப் பாதையில் இருக்கிறது டிராகன்ஸ்பியர் கோட்டை. கட்டியவன் டேரோஸ் டிராகன்ஸ்பியர், பாதி குள்ளர் குலத்து வீரன். ஹலடத்லேர் என்ற செம்பு நிற டிராகன் அவனுக்குக் கூட்டாளி. அதன் குகைக்கு மேலேயே கோட்டையை எழுப்பினான். பிறகு ஒரு மந்திரவாதியின் சூழ்ச்சியில் டிராகனும் போனது, டேரோஸும் போனான். கோட்டையின் அடிவயிற்றில், ஒன்பது நரகங்களில் முதலாவதான அவெர்னஸுக்கு ஒரு வாசல் திறந்தது. அங்கிருந்து பிசாசுகள் கிளம்பி வர, நகரங்கள் படை திரட்டிப் போய் அடக்க வேண்டியதாயிற்று. ஆக, எதிரியை வெளியே நிறுத்தக் கட்டிய மதில், உள்ளே இருப்பது வெளியே வராமல் பார்க்கும் மதிலாக மாறியது. இந்தத் திருப்பம்தான் டிராகன்ஸ்பியரை மற்ற கற்பனைக் கோட்டைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

விளையாட்டு தொடங்கும்போது அந்தப் பாழடைந்த கோட்டையை கேலார் ஆர்ஜென்ட் என்ற பெண் தலைவி சிலுவைப்போர்ப் படை போன்ற ஒரு கூட்டத்தோடு பிடித்து வைத்திருக்கிறாள். நரகத்தில் சிக்கிய ஆத்மாக்களை மீட்கப் போவதாக ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் அவளுக்கு வேண்டியது, தனக்குப் பதிலாக அங்கே போய் மாட்டிக்கொண்ட சிற்றப்பன் ஆன் ஆர்ஜென்ட். பூட்டு நரகவாசல், சாவி கொலைக் கடவுளின் வாரிசான நம் நாயகனின் ரத்தம். வில்லியை வெறும் கெட்டவளாக வரையாமல் குடும்பக் கடன் தீர்க்க வந்தவளாகக் காட்டியது நல்ல எழுத்து. அவளுடைய ஆலோசகன் ஹெஃபர்னான் மட்டும் முதல் காட்சியிலேயே 'நான் துரோகி' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு நிற்கிறான்.

இந்த வரலாற்றை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. பாதியைப் பாத்திரங்களின் பேச்சிலும், மீதியைக் கையில் கிடைக்கும் பொருள்களின் விவரக் குறிப்பிலும் ஒளித்திருக்கிறார்கள். வாளோ மோதிரமோ கிடைத்தால் பையில் போட்டுவிட்டு ஓடாதீர்கள். வலது கிளிக் செய்து குறிப்பைப் படியுங்கள். தமிழில் எழுத்து இல்லை, எல்லாம் ஆங்கிலம், அதுவும் பழைய பாணி ஆங்கிலம். பொறுமை இல்லாதவர்களுக்குக் கோட்டையின் கதை கடைசிவரை பிடிபடாது. வெறும் வெட்டுக்குத்தாகத்தான் தெரியும்.

வழியும் பாலமும் வரும் பகுதிதான் இதில் சிறந்தது. கோஸ்ட் வே கிராசிங்கில் படை தாண்ட வேண்டிய பாலத்தைக் கேலாரின் ஆட்கள் தகர்த்துவிடுகிறார்கள். ஒரு பாலம் போனதால் மொத்தப் படையும் வேறு பாதையில் சுற்றி போரெஸ்கிர் பாலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கண்கள் அடித்துப் போனபோது தீவு எப்படித் துண்டாகி நின்றது என்று கேள்விப்பட்டு வளர்ந்தவர்களுக்கு இது கதைக்காகச் செருகிய தடையாகத் தோன்றாது. போரெஸ்கிர் பாலத்தைக் காக்கும் பிரிட்ஜ்ஃபோர்ட் என்ற சிறு கோட்டை முற்றுகையில் கிடக்கிறது. உள்ளே போய்க் காவலர்களோடு சேர்ந்து முற்றுகையை உடைக்கலாம். வெளியே இருப்பவர்களோடு பேரம் பேசிக் கோட்டையைக் காட்டியும் கொடுக்கலாம். இரண்டுக்கும் பின்விளைவு உண்டு. தாக்குப்பிடிக்கும் சின்னக் கோட்டையை முதலில் காட்டி, பிறகு பெரிய கோட்டையைத் தாக்க வைத்தது கெட்டிக்காரத்தனம்.

இனி கையிருப்புக் கணக்கு. விதிகள் பழைய ஏடி அண்ட் டி (மேசையில் ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் விதிமுறை) இரண்டாம் பதிப்பு: கவச எண் குறையக் குறைய நல்லது. பாத்திரத்தின் நிலையை உயர்த்தும் அனுபவப் புள்ளிக்கு முதல் பாகத்தில் உச்சவரம்பு 1,61,000, இங்கே 5,00,000. இதன் பலன் எல்லாருக்கும் ஒன்றுபோல் வராது. போர்வீரன் 8-ஆம் நிலையிலிருந்து 9-க்கு 2,50,000 புள்ளியிலும், 10-க்குச் சரியாக 5,00,000-லும் ஏறுகிறான்; அதாவது பத்தாவது நிலை கிடைக்கும்போது வரம்பே முடிந்துவிடும். பூசாரிக்கு 2,25,000-ல் 9-ஆம் நிலை. இதுதான் முக்கியமான படி, ஏனென்றால் ஐந்தாம் மட்ட மந்திரங்கள், செத்தவரை எழுப்பும் மந்திரம் உட்பட, அங்கேதான் கைக்கு வருகின்றன. மந்திரவாதிக்கு 2,50,000-ல் 10, 3,75,000-ல் 11. திருடனுக்கு 4,40,000-ல் 12. ஆறு பேர் குழுவில் புள்ளிகள் ஆறாகப் பங்கு போகும் என்பதால் பக்கவேலைகளைத் தள்ளிவிட்டு நேரே கோட்டைக்கு ஓடினால் பூசாரி 9-ஐத் தொடத் திணறுவார். எத்தனை பேரை எழுப்பினாலும் நாயகன் செத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது; எழுப்பும் மந்திரம் அவருக்கு உதவாது.

புதிய தோழர்களில் ஷேல் கார்வின் வில்லாளி. பின்வரிசையில் நிறுத்தினால் போதும், வேலை தானாக நடக்கும். கிளின்ட் பூசாரியும் திருடனும் சேர்ந்தவர். கோட்டைக்குக் கீழ்ப்பகுதியில் பொறிகள் இருப்பதால் இப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும். எம்'கின் என்ற கோப்ளின் பெண், இந்த விரிவாக்கத்தில் புதிதாக வந்த ஷாமன் வகுப்பு. ஷாமன் ஆடினால் ஆவிகள் துணைக்கு வரும். ஆனால் ஆடும்வரை நகரக் கூடாது, வேறு மந்திரமும் போடக் கூடாது. நம்மூர்ச் சாமியாடியைப் போலத்தான்: ஆட்டம் நின்றால் அருளும் இறங்கிவிடும். அவரை வாசல் ஓரமாக, எதிரியின் அம்பு நேரே படாத இடத்தில் ஆடவிடுங்கள். குறுகலான பாதையின் நடுவில் விட்டால் நம் ஆட்களே அவரை இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கோட்டை முற்றுகைக்கு வருவோம். பால்டர்ஸ் கேட், வாட்டர்டீப், டாகர்ஃபோர்ட் மூன்றும் சேர்ந்த கூட்டணிப் படை மதிலுக்கு வெளியே முகாம் போடுகிறது. நேரே மோதுவதற்கு முன் நிலத்தடி ஆற்று வழியாக உள்ளே புகுந்து, எதிரியின் இருப்புச் சரக்கைக் கெடுக்கும் வேலை தரப்படுகிறது. தண்ணீர் வரும் வழிதான் கோட்டையின் பலவீனமான எலும்பு என்பதை விளையாட்டு இப்படிச் சொல்லிக்கொடுக்கிறது. ஊரணியை நம்பி ஊர் கட்டியவர்களுக்கு இது புதிய பாடம் இல்லைதான்.

பெரிய சண்டையில் திரை முழுக்க ஆட்கள். பழைய எஞ்சினுக்கு இது பாரம். பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு வழி தெரியாமல் சுற்றுவார்கள். ஸ்பேஸ் பட்டனை அழுத்தி நிறுத்தி, ஆறு பேரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுக்காமல் இரண்டிரண்டாக நகர்த்தினால் பாதித் தலைவலி குறையும். தீப்பந்து மந்திரத்தை நெருக்கத்தில் போடாதீர்கள். அதற்கு நண்பர், பகைவர் பேதம் தெரியாது. உங்கள் முன்வரிசையும் சேர்ந்து வேகும். அதற்குப் பதில் வலை மந்திரம் நல்லது. குழுவில் யாரிடமாவது 'ஃப்ரீ ஆக்ஷன்' காப்பு இருந்தால் அவர் வலைக்குள்ளேயே நடந்துபோய் வெட்டலாம்.

வாசல் திறந்த பிறகு அந்த உத்தி அப்படியே தலைகீழாகும். அவெர்னஸ் பிசாசுகளுக்கு நெருப்பு சுடாது. இதுவரை தீப்பந்தையே நம்பி வந்த மந்திரவாதி அங்கே வெறுங்கையோடு நிற்பார். அதனால் அடித்தளத்தில் இறங்குவதற்கு முன் படுத்து எழுந்து மந்திரப் பட்டியலை மாற்றுங்கள். நெருப்பு மந்திரங்களை எடுத்துவிட்டு, வேகமூட்டும் மந்திரமும் 'தீமையிலிருந்து காப்பு, பத்தடி வட்டம்' மந்திரமும் போடுங்கள். இந்தக் காப்பு மந்திரம் மந்திரவாதிக்கு மூன்றாம் மட்டம், பூசாரிக்கு நான்காம் மட்டம். அதனால் பூசாரியிடம் கொடுத்துவிட்டு மந்திரவாதியின் இடத்தை மிச்சப்படுத்தலாம். குழுவினருக்கு நெருப்புக் காப்பு மருந்தும், முன்வரிசைக்கு மந்திரம் ஏற்றிய நல்ல ஆயுதமும் தேவை. சாதாரண இரும்பு அங்கே செல்லாக்காசு. கடைசி எதிரி பெல்ஹிஃபெட்டைச் சந்திக்கும் முன் கேலாரிடம் பேசும் இடத்தில் அவசரப்படாதீர்கள். சரியாகப் பேசினால் அவளே உங்கள் பக்கம் நின்று வாள் சுழற்றுவாள்.

அவசரக் கோலம் தொடங்குவது இங்கேதான். அத்தனை நேரம் பாலம், முகாம், தண்ணீர் என்று நிதானமாகக் கட்டிய கோட்டை, வாசல் திறந்ததும் கதைக்கு வேண்டாத பொருளாகிவிடுகிறது. நரகத்தின் உள்ளே நேர்கோட்டில் ஓட்டம், கோபுர உச்சியில் ஒரு சண்டை, திரும்பி வந்தால் செய்யாத கொலைக்கு விசாரணை. இந்த விசாரணை இரண்டாம் பாகத்துக்குப் பாலம் போடுவதற்காக வைத்தது. உங்கள் கையில் தேர்வு மிகக் குறைவு. வாசலை இனி யார் காப்பது என்ற கேள்விக்கு அரை வரி பதில்கூடக் கிடைப்பதில்லை. கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். 1772-ல் அதை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அப்போதும் சேதுவுக்கு ஆள் போவது நிற்கவில்லை. காவலுக்கு யார் நிற்பது என்ற கதை கோட்டை விழுந்த பிறகுதான் சுவாரசியமாகும். அதை எழுத இவர்களுக்குப் பொறுமை இல்லை.

வாங்குவதற்கு முன் சில செய்திகள். ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகள் இரண்டிலும் கிடைக்கிறது. இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களில் ஜிஓஜி வசதி: நிறுவும் கோப்பை ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி போதும், தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டாம். கடற்கரை வீடுகளில் இயந்திரத்துக்கு எதிரி விளையாட்டின் பாரம் இல்லை, உப்புக்காற்று. கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைத்து விளையாடினால் விசிறியில் உப்புப் படிந்து சூடேறும், பிறகு யுஎஸ்பி துளை பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டு போகிற நாளில் மேசைக் கணினிக்காரர்கள் யுபிஎஸ் இல்லாமல் முற்றுகைச் சண்டையில் இறங்க வேண்டாம். எதிரி பக்கத்தில் இருக்கும்போது இந்த விளையாட்டு சேவ் செய்ய விடாது.

சேவ் கோப்புகளைத் தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய. முதல் பாகத்தின் சேவ் 'சேவ்' என்ற கோப்புறையில் இருக்கும். இந்த விரிவாக்கத்தின் சேவ் அதே இடத்தில் 'எஸ்ஓடிசேவ்' என்ற தனிக் கோப்புறையில் இருக்கும். பேக்கப் எடுக்கும்போது இரண்டையும் எடுங்கள். மாட் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்யும் கூடுதல் கோப்பு) போடுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம்: ஸ்டீம், ஜிஓஜி பதிப்புகளில் இந்த விரிவாக்கம் முழுவதும் ஒரே ஜிப் கோப்பாக உட்கார்ந்திருக்கும். மாட்களை நிறுவும் வைடு கருவியால் அதற்குள் பார்க்க முடியாது. 'டிஎல்சி மெர்ஜர்' என்ற கருவி கொண்டு முதலில் அதை விரித்துவிட்டுத்தான் மற்ற மாட்களைப் போட வேண்டும். வரிசை மாறினால் மாட் முதல் பாகத்தில் வேலை செய்யும், கோட்டைக்கு வந்ததும் காணாமல் போகும். நடுவில் சரிசெய்ய வழியில்லை. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதான்.

முதல் பாகத்தை முடித்த குழுவோடு தொடர்வதே நல்லது. நேரே இதிலிருந்து தொடங்கவும் வழி உண்டு, ஆனால் பழைய பகை எதுவும் புரியாது. இரண்டாம் பாகத்துக்குப் போகும்போது இங்கே சேர்த்த ஆயுதங்களில் பெரும்பாலானவை வராது என்பதால் மருந்துகளையும் மந்திரச் சுருள்களையும் மிச்சம் பிடிக்காமல் செலவழியுங்கள். அடித்தளத்து வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது மட்டும் தனிப் பெயரில் ஒரு சேவ் போட்டு வையுங்கள். தாண்டிவிட்டால் முகாம் கடைக்குத் திரும்ப முடியாது.