மஸ்டாங் 289: ஹெட்டரா, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டா?

1965, 1966 ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் கைக்கு வந்ததும் பலர் முதலில் மாற்றத் துடிப்பது, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியேற்றும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டைத்தான். கனமான வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு எஃகுக் குழாய் ஹெட்டரைப் பூட்டினால் கார் பறக்கும் என்பது நம்பிக்கை. அதில் பாதி உண்மை.

அந்தப் பாதியைப் பார்ப்போம். 289 கன அங்குல வி8 எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8. ஓட்டுநர் பக்கத்தில் பின்கோடியில் இருக்கும் 7, 8 இரண்டும் அடுத்தடுத்து எரிகின்றன. சாதாரண மேனிஃபோல்டில் இரண்டுக்கும் பொதுவான அறை. ஒன்றின் புகை வெளியேறும் முன்பே அடுத்ததன் புகை வந்து முட்டுகிறது. ஹெட்டரிலோ ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். ஒரு பக்கத்தின் நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் சேரும் நீள வகை, எஞ்சினின் உயர் சுழற்சியில் பலன் தரும். நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் டிரை-ஒய் வகை நடுத்தரச் சுழற்சியிலேயே கைகொடுக்கும்.

ஹெட்டர் பிரியர்கள், மஸ்டாங்கின் வேக வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350-ஐ உதாரணம் காட்டுவார்கள். ஃபோர்டின் 271 குதிரைத்திறன் எஞ்சின் அதில் 306 ஆனது. டிரை-ஒய் ஹெட்டரும் இருந்தது. ஆனால் பெரிய ஹோலி கார்புரேட்டரும் காற்றை உள்ளே கொண்டுசெல்லும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டும் கூடவே வந்தன. 35 குதிரைகளையும் ஹெட்டரின் கணக்கில் எழுதுவது அநியாயம். இரண்டு பேரல் (இரண்டே காற்றுத் துளை) கார்புரேட்டருடன் வந்த 200 குதிரைத்திறன் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியே குறுகல். வெளியேறும் வழியை மட்டும் அகலப்படுத்தினால் சத்தம்தான் முதலில் கூடும்.

தொல்லைகள் பூட்டும்போதே தொடங்கிவிடும். மஸ்டாங்கின் எஞ்சின் அறையை இருபுறமும் ஷாக் டவர்கள் (முன்சக்கர சஸ்பென்ஷனைத் தாங்கும் தகட்டுக் கூடுகள்) நெருக்குகின்றன. பவர் ஸ்டீயரிங் பாகங்கள், கிளட்ச் இணைப்புத் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றுக்கு நடுவே குழாய்கள் வளைந்து இறங்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதே வித்தையாகிவிடும். நீள ஹெட்டர் என்றால் வேகத்தடையில் உரசும். சூட்டில் போல்ட்டுகள் தளர, கேஸ்கெட் வழியே புகை கசியும். பூச்சில்லாத குழாய் துருப்பிடிப்பதும் நிச்சயம்.

விளம்பரங்களில் வராத சங்கதி ஒன்று உண்டு. இந்த எஞ்சினின் தானியங்கி சோக் (எஞ்சின் குளிர்ந்திருக்கையில் காற்றைக் குறைக்கும் மூடி), பயணி பக்க மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய குழாய் வழியே வரும் சூடான காற்றை நம்பியே திறக்கிறது. ஹெட்டர் போட்டால் அந்தச் சூடு கிடைக்காது. எஞ்சின் சூடேறிய பிறகும் சோக் மூடியே கிடக்க, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். எலெக்ட்ரிக் சோக் வாங்கும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வார்ப்பிரும்பு குறையற்றது அல்ல. விரிசல் விடும், கழற்றும்போது துருப்பிடித்த போல்ட் தலை முறியும். ஆனாலும் சத்தத்தை அடக்கும், பல்லாண்டு உழைக்கும், காரின் அசல் தன்மையைத் தேடுபவரிடம் விலையையும் காப்பாற்றும்.

பந்தயத் தடத்துக்குப் போகிறவர், கேம்ஷாஃப்டையும் கார்புரேட்டரையும் மாற்றியவர் தாராளமாக டிரை-ஒய் போடலாம். சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு என் ஓட்டு வார்ப்பிரும்புக்கே. கொஞ்சம் கூடுதல் வேகம் வேண்டுமென்றால், 271 குதிரைத்திறன் எஞ்சினுக்காக ஃபோர்டே வார்த்த, புகை தாராளமாக வெளியேறும் மேனிஃபோல்டின் மறுவார்ப்பு கிடைக்கிறது. அதை வாங்கும்போது கீழே இணையும் குழாயையும் பொருத்தமானதாகச் சேர்த்து வாங்குங்கள். பழைய குழாய் அதோடு சேராது.